ஒரு தட்டு நூடுல்ஸும் ஒற்றை எழுத்து நெல்லும்

கையில் ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு கூரை போடுங்கள். அதற்குக் கீழே நடுவில், 'பேச்சு' என்பதற்கான சீன எழுத்து. அதன் இரண்டு பக்கமும் 'சின்னது' என்பதற்கான எழுத்து ஆளுக்கு ஒன்று. அடுத்த வரிசையில் ஒரு குதிரை. குதிரைக்கு இடமும் வலமும் 'நீளம்'. இடது ஓரத்தில் ஒரு நிலா, வலது ஓரத்தில் ஒரு கத்தி, அடியில் ஒரு இதயம். கடைசியாக, இத்தனை சாமான்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது மாதிரி, 'நடை' என்று பொருள் தரும் ஒரு கோட்டை இடப்பக்கம் ஆரம்பித்து அடிவரை நீளமாக இழுத்து விடுங்கள்.

முடிந்ததா? கிட்டத்தட்ட 58 கோடுகள் போட்டிருப்பீர்கள். ஆனால், எழுதியிருப்பது ஒரே ஒரு எழுத்து. அதை 'பியாங்' என்று வாசிக்க வேண்டும். இன்னொரு தடவை அதையே பக்கத்தில் எழுதி, பின்னால் நூடுல்ஸ் என்று சேர்த்தால்தான் ஒரு பலகாரத்தின் முழுப்பெயர் வரும். பியாங் பியாங் நூடுல்ஸ்! சர்வரிடம் எழுதிக் கொடுத்து ஆர்டர் பண்ணுவதென்றால், எழுதி முடிப்பதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள்.

சீனாவின் ஷான்சி மாகாணத்தில், ஷியான் நகரத்தைச் சுற்றியுள்ள பகுதியின் சாப்பாடு இது. ஷியான் என்றால், யுவான் சுவாங் இந்தியாவுக்குப் புறப்பட்டுப் போனாரே, அந்தப் பழைய தலைநகரம் சாங்கான்தான். அந்தப் பக்கம் கோதுமை பூமி. மாவைப் பிசைந்து ஊறவைத்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, நடுப்பகுதியைப் பலகையில் 'படார் படார்' என்று அடிப்பார்கள். அடிக்க அடிக்க அது நீண்டு, இடுப்பு பெல்ட் மாதிரி அகலமான பட்டையாகும். வெந்த பட்டைகளின் மேல் மிளகாய்த்தூள், பூண்டு, வெங்காயத்தாள் போட்டு, கொதிக்கிற எண்ணெயைச் 'சொய்ங்' என்று ஊற்றிக் கலந்தால் வேலை முடிந்தது. எண்ணெயை ஊற்றும்போது கிளம்புகிற வாசனையைத் தெருமுனையிலிருந்தே பிடிக்கலாம். ஷான்சியின் விசித்திரங்கள் என்று அந்த ஊர்க்காரர்களே வேடிக்கையாக ஒரு பட்டியல் சொல்வார்கள். அதில் 'எங்க ஊர் நூடுல்ஸ் பெல்ட் மாதிரி இருக்கும்' என்பதும் உண்டு.

பலகையில் மாவு விழுகிற அந்தச் சத்தம்தான் 'பியாங்' என்பது பலர் சொல்லும் விளக்கம். நம்ம ஊரில் 'கொத்து பரோட்டா'வுக்குக் கல்லில் விழுகிற கரண்டிச் சத்தத்தையே பெயராக வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சத்தத்தைப் பெயராக வைத்தார்கள். சரி, அதை எழுத 58 கோடு எதற்கு?

இங்கேதான் கதை விடுகிறார்கள். பசியோடு ஊர் ஊராக அலைந்த ஒரு ஏழைப் படிப்பாளி, ஷியானுக்குப் பக்கத்திலுள்ள ஷியான்யாங் நகரத்துக்கு வருகிறான். ஒரு கடையிலிருந்து 'பியாங் பியாங்' என்று சத்தம். உள்ளே போய் ஒரு பெரிய கிண்ணம் நிறைய வாங்கி மூக்குப் பிடிக்கச் சாப்பிடுகிறான். கை அலம்பிய பிறகுதான் மடியில் காசில்லை என்பது ஞாபகம் வருகிறது. கடைக்காரரிடம், "ஐயா, இந்த நூடுல்ஸுக்கு இதுவரை யாரும் எழுத்து எழுதியதில்லை. நான் எழுதித் தருகிறேன், கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறான். தன் நெடும்பயணம், குதிரை, மனக்குறை எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்குள் அடைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். இன்னொரு கதை, அந்த எழுத்தை உருவாக்கியவர் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் அமைச்சர் லி ஸி என்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. 1716-ல் வெளியான காங்ஷி பேரகராதியில் சுமார் 47,000 எழுத்துகள் இருக்கின்றன. அத்தனைக்கும் நடுவே இந்தப் பியாங் இல்லை. அமைச்சர் எழுதியிருந்தால் அகராதிக்காரர்கள் விட்டிருப்பார்களா? யாரோ கடைத்தெரு ஆள் பண்ணிய குறும்பு மாதிரிதான் எனக்குத் தெரிகிறது.

குறும்புக்குப் பின்னால் ஒரு நியாயமான கஷ்டம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நீங்கள் சீனாவுக்குப் போக வேண்டாம். அரியலூர் மாவட்டத்துக்கு வாருங்கள், போதும்.

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டிய தலைநகரம். இப்போது ஊர் சின்னதாகிவிட்டது, கோயில் மட்டும் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. இங்கே அரசாண்ட ராஜேந்திரனின் தூதுக்குழு 1033-ல் சீனாவின் சோங் வம்சப் பேரரசருடைய அரண்மனைக்குப் போனது. அதற்கு முன்னால் அவனுடைய அப்பா ராஜராஜன் அனுப்பிய குழு 1015-ல் போய்ச் சேர்ந்தது. கிளம்பி 1,150 நாள் பயணம் என்று சீனர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். முத்துகளோடு அந்தக் குழு போய் நின்றபோது, அனுப்பிய ராஜராஜன் காலமாகிவிட்டிருந்தான். அந்தக் காலத்துத் தபால் அப்படி!

வந்தவர்களின் ராஜா பெயரை அரண்மனைக் குமாஸ்தா எழுத வேண்டும். நமக்கென்றால் பிரச்னையே இல்லை. 'ரா' போட்டு 'ஜ' போட்டு எழுதிவிடுவோம். சீனத்தில் அப்படி எழுத்துக்கூட்ட முடியாது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழு அசை, பெரும்பாலும் ஒரு முழுச் சொல். அதனால், சத்தத்துக்குக் கொஞ்சம் ஒத்துவருகிற பழைய எழுத்துகளைத் தேடி ஒட்டுப்போட வேண்டும். ராஜராஜன் இப்படித்தான் 'லோ-ச்சா-லோ-ச்சா' ஆனான். ராஜேந்திரன் பாடு இன்னும் மோசம். 'ஷி-லி-லோ-ச்சா-யின்-தோ-லோ-சு-லோ'. மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்... ஸ்ரீ ராஜ இந்திர சோழ! 1345-ல் தொகுத்து முடிக்கப்பட்ட சோங் வம்ச வரலாற்றில் இந்தப் பெயர்கள் இருக்கின்றன. 1077-ல் மறுபடியும் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட குழு போய், 81,800 கோவை செப்புக் காசு வாங்கிக்கொண்டு வந்ததையும் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. ராஜாவின் பெயரில் குளறினாலும், காசுக் கணக்கில் குளறவில்லை.

ஆக, காதில் விழுந்த சத்தத்துக்கு ஏற்கெனவே எழுத்து இருந்தால் சீனர்கள் கடன் வாங்குவார்கள். ராஜேந்திரனுக்கு அப்படிக் கிடைத்தது. ஆனால், 'பியாங்' என்ற அசை பொதுச் சீன மொழியின் ஒலிப்பட்டியலிலேயே கிடையாது. வட்டாரப் பேச்சுச் சத்தம். கடன் வாங்க ஆள் இல்லை. புதிதாக ஒன்றை உருவாக்கினால்தான் உண்டு. உருவாக்குகிறவன் கடைக்காரன் என்றால் பத்துப் பேர் நின்று பார்க்கிற மாதிரிதானே உருவாக்குவான்? 58 கோடுகளின் ரகசியம் எனக்குத் தெரிந்து இவ்வளவுதான். சிறந்த விளம்பரப் பலகை.

நம்முடைய இடியாப்பத்தை நினைத்துப் பாருங்கள். அதுவும் ஒருவகை நூடுல்ஸ்தான். கொங்குப் பக்கம் சந்தகை, இன்னொரு பக்கம் சேவை. யாராவது இதை எழுதத் திணறியிருப்போமா? காதில் விழுந்ததை அப்படியே எழுதிவிட்டுப் போய்விடலாம். எழுத்துக்கூட்டுகிற மொழியில் பிறந்த சௌகரியம்.

ஆனால் விஷயம் இங்கேதான் சுவாரஸ்யமாகிறது. இவ்வளவு சௌகரியமான எழுத்தை வைத்துக்கொண்டு, நாமும் சீனர்கள் மாதிரி சாப்பாட்டுக்கு ஒற்றைக் குறி போட்டிருக்கிறோம். எந்தச் சாப்பாட்டுக்கு? நெல்லுக்கு!

நெ, ல் என்று இரண்டு எழுத்து எழுத சோம்பேறித்தனமா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு விரல் அகல ஓலை. கையில் எழுத்தாணி. கோயிலுக்கு வந்த நெல், களத்தில் அளந்த நெல், கூலிக்குப் போன நெல், விதைக்கு எடுத்து வைத்த நெல் என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தச் சொல்லை எழுதுவார்? கை தானாகவே எழுத்துகளை ஒன்றோடொன்று இழுத்துச் சுருட்டி ஒரே குறியாக்கிவிட்டது. நெல்லுக்கு மட்டுமில்லை. அதை அளக்கிற ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு எல்லாவற்றுக்கும் குறி. நன்செய்க்கு ஒரு குறி, புன்செய்க்கு ஒரு குறி, குழிக்கு, வேலிக்கு, உப்பளத்துக்கு, காசுக்கு, பணத்துக்கு, வராகனுக்கு... 'செலவானது', 'கையிருப்பு', 'ஆக மொத்தம்', 'வகையறா' என்பதற்கெல்லாம்கூடத் தனித்தனிக் குறிகள் இருந்தன. ஒரு முழு விவசாய நாட்டின் சுருக்கெழுத்து!

நெல்லுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அன்றைக்கு அதுதான் சம்பளம், அதுதான் வரி, அதுதான் பேங்க் பேலன்ஸ். தஞ்சைப் பெரிய கோயிலில் 400 ஆடல் மகளிரை ராஜராஜன் குடியமர்த்தினான் அல்லவா? கல்வெட்டின்படி, பங்கு ஒன்றுக்கு வருஷச் சம்பளம் 100 கலம் நெல். 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். அப்படியென்றால் 100 கலம் 9,600 நாழி. நாளொன்றுக்கு 26 நாழிக்குக் கொஞ்சம் மேலே. கல்யாண வீட்டில் 'நிறைநாழி' வைப்பீர்களே, அந்த நாழிதான். கங்கைகொண்ட சோழபுரத்திலும் இதே கதை. அந்தக் கோயிலுக்கு எந்தெந்த ஊர்களின் வருமானம் ஒதுக்கப்பட்டது என்பதை வீரராஜேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு சொல்கிறது. இன்றைக்கும் ஐப்பசிப் பௌர்ணமிக்கு அங்கே போனால், 13 அடி உயர லிங்கம் முழுக்கச் சாதத்தால் மூடப்பட்டிருக்கும். 100 மூட்டை அரிசி வடிக்கிறோம் என்பார்கள். அந்தச் சாதத்துக்குப் பின்னால் உள்ள கணக்கை ஆயிரம் வருஷமாக எழுதிவந்தவை இந்தச் சின்னச் சின்னக் குறிகள்தான்.

இன்றைய வரைபடத்தைப் பார்த்தால் இன்னொன்றும் தோன்றுகிறது. அரியலூர் மாவட்டத்தின் தெற்கே கொள்ளிடக் கரையில் திருமானூர், தா.பழூர் பக்கம் நெல் வயல். பெரம்பலூர்ப் பக்கம் போனால் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். ஒன்று நன்செய்க் குறி, மற்றது புன்செய்க் குறி! பழைய கணக்குப்பிள்ளை இரண்டு சுழியில் முடித்திருப்பார். நம் அரசாங்கம் என்ன பண்ணியது தெரியுமா? திருச்சியிலிருந்து பெரம்பலூரை 1995-ல் பிரித்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தது. 2002-ல் திரும்ப ஒட்டியது. 2007-ல் மறுபடியும் பிரித்தது. பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்கு அன்றைக்கு நல்ல வருமானம் இருந்திருக்கும்.

சரி, இத்தனை குறிகளையும் எப்படி ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்? ஷியானில் பியாங் எழுத்தை எழுதக் கற்றுத்தர ஒரு பாட்டு இருக்கிறது. 'கூரை மேலே, பேச்சு நடுவிலே' என்கிற ரீதியில் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் இதே டெக்னிக்தான். மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கக் கத்த வேண்டும். அந்தப் பாடத்துக்கு 'எண்சுவடி' என்று பெயர். அதில் முதல் பகுதி பொன்னிலக்கம். முந்திரி, அரைக்காணி, காணி என்று பின்னங்கள். முந்திரி என்றால் ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்கொட்டை என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றை 320 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு முந்திரி. நாலு முந்திரி ஒரு காணி, நாலு காணி ஒரு மா, 20 மா சேர்ந்தால் ஒன்று. அடுத்த பாடம் நெல்லிலக்கம். செவிடில் ஆரம்பித்து ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்று ஏறிக் கலத்தில் முடியும். கவனியுங்கள், பொன்னுக்கு ஒரு வாய்ப்பாடு, நெல்லுக்கு ஒரு வாய்ப்பாடு. பத்து வயதுப் பையனுக்கு 'உலகம் இந்த இரண்டால் ஆனது' என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்!

இந்த முறையில் இன்னொரு சிக்கல், சாதாரண எழுத்துகளே எண்களாகவும் வேஷம் போடும். 'க' மாதிரி இருந்தால் 1. 'உ' மாதிரி இருந்தால் 2. 'எ' என்றால் 7, 'அ' என்றால் 8. 'வ' என்றால் கால். ஔவையாரும் கம்பரும் சம்பந்தப்பட்டதாகச் சொல்லப்படும் பழைய கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். திட்டுவதற்கு அந்தப் பாட்டி தேர்ந்தெடுத்த சொல் 'எட்டேகால்'. எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ'. சேர்த்து வாசித்தால் 'அவ'. அதோடு லட்சணத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், திட்டு விழுந்துவிடும். பியாங்கை எழுதிய படிப்பாளிக்கும் நம் பாட்டிக்கும் ஒரே புத்திதான். எழுத்தை வைத்துப் பசியாற்றிக்கொண்டான் அவன். எழுத்தை வைத்துப் பழிதீர்த்துக்கொண்டார் இவர். இதை அன்றைக்குக் கேட்டவர்கள் உடனே சிரித்திருப்பார்கள். இன்றைக்கு நான் அரைப் பக்கம் விளக்க வேண்டியிருக்கிறது.

விளக்கம் வேடிக்கைக்கு மட்டும் தேவைப்பட்டால் பரவாயில்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கிறதா? அதில் கொள்ளுத்தாத்தா காலத்துக் கிரயப் பத்திரமோ, பாகப் பிரிவினை ஓலையோ கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 'அவ குழி' என்று ஒரு இடத்தில் இருந்தால், அது யாரோ ஒரு 'அவ'ளுடைய குழி இல்லை. 8¼ குழி நிலம்! பங்காளிச் சண்டையில் இந்தக் கால் குழிக்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் நம் ஊரில் உண்டா, இல்லையா? பத்திரம் இருக்கும், எழுத்து அழியாமல் இருக்கும், குடும்பத்தில் எம்.ஏ. படித்தவர்கள் நாலு பேர் இருப்பார்கள். ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. கடைசியில் யாரோ ஒருவர் 'எனக்குத் தெரியும்' என்று சொல்லி வாசிப்பார். அவர் வாசித்ததுதான் கணக்கு.

இத்தனைக்கும் இவை அழிந்து யுகங்கள் ஆகிவிடவில்லை. அடி ஒவ்வொன்றாக விழுந்தது. வெள்ளைக்காரன் ஏக்கர், சென்ட் என்று நிலத்தை அளந்தபோதும், ஊர்க் கர்ணம் தன் கணக்கைத் தன் குறிகளில்தான் வைத்திருந்தார். தமிழ்த் தட்டச்சு இயந்திரம் வந்தது. தமிழின் உயிர்மெய் எழுத்துகளுக்கே அதில் இடம் பற்றாக்குறை. உழக்குக்கும் பதக்குக்கும் யார் சாவி வைப்பார்கள்? 1957 ஏப்ரல் 1-ம் தேதி நயா பைசா வந்தது. அணா போனது, அணாவோடு 'வீசம்' போனது. அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் லிட்டரும் வந்து படியையும் மரக்காலையும் மூலையில் உட்காரவைத்தன. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தது. கர்ணங்கள் ஊரை ஆட்டிப் படைத்த கதைகள் தெரிந்தவர்கள் அதற்காகக் கண்ணீர் விட மாட்டார்கள். யாருக்கும் புரியாத எழுத்தில் கணக்கு வைப்பது சிலருக்கு வசதியாகவும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், கணக்கைப் படிக்கத் தெரிந்த கடைசி ஆட்களும் அவர்கள்தான். புது வி.ஏ.ஓ.வுக்கு அந்தப் பாஷை தேவையில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

பியாங் மட்டும் எப்படித் தப்பித்தது? அதற்கும் கம்ப்யூட்டரில் இடம் கிடையாது. அச்சுக்கோப்பதும் கஷ்டம். மெனு கார்டில் அதைப் படமாக ஒட்டுவார்கள், இல்லையென்றால் ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். 2013-ல் செங்டு நகரத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர், வகுப்புக்குத் தாமதமாக வரும் மாணவர்கள் இந்த எழுத்தை 1,000 தடவை எழுத வேண்டும் என்று தண்டனை கொடுத்ததாகச் செய்தி வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 58,000 கோடு! அந்தப் பையன்களுக்குத் தூக்கத்தில்கூட நூடுல்ஸ் கடை வந்திருக்கும். அகராதி கைவிட்ட எழுத்தை ஆசிரியர் தண்டனைக்கு எடுத்துக்கொண்டார், பாட்டு பிள்ளைகள் வாயில் இருந்தது, முக்கியமாக, கடையில் வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது. கடை வாசலில் தொங்குகிற எழுத்தை யாராலும் மறக்க முடியாது. நம் நெல்லின் குறி தொங்கியது கணக்குப்பிள்ளையின் ஓலைக்கட்டில்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு எண் கொடுக்கிற ஏற்பாட்டுக்கு யூனிகோட் என்று பெயர். அதில் இடம்பிடித்தால்தான் ஒரு எழுத்தைச் செல்போனில் அனுப்ப முடியும், தேட முடியும், கணக்கில் சேர்க்க முடியும். தமிழின் நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் ஆகிய எட்டுக் குறிகள் 2003-லேயே உள்ளே போய்விட்டன. பின்னங்களும் நெல்லும் உழக்கும் வெளியே காத்திருந்தன. பல வருட ஆலோசனை, தமிழ்நாட்டுக் கருத்து, திருத்தம், மறு திருத்தம் எல்லாம் முடிந்து, 2019 மார்ச்சில் 51 தமிழ்க் குறிகள் ஒரே மூச்சில் சேர்க்கப்பட்டன. நெல் வந்தது. செவிடு, ஆழாக்கு, உழக்கு வந்தன. முக்குறுணிகூட வந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒரு பெரிய பிள்ளையார், தமக்குக் கொழுக்கட்டை செய்யும் அரிசி அளவையே பெயராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அந்த முக்குறுணிக்கு ஒரே ஒரு குறி!

பியாங் வந்தது எப்போது? 2020 மார்ச்சில். சரியாக ஒரு வருஷம் கழித்து. 58 கோட்டு மகாராஜாவுக்கு முன்னாலேயே நம் நெல் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிவிட்டது.

ஆனால், டிக்கெட் வாங்கியவர் பஸ்ஸில் ஏறினாரா? அதுதான் விஷயம். பியாங் சேர்ந்த செய்தியைச் சீனாவில் மட்டுமில்லாமல், நூடுல்ஸ் சாப்பிடுகிற ஊர்களிலெல்லாம் கொண்டாடினார்கள். நெல் சேர்ந்தது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பல செல்போன்களில் இன்றைக்கும் அந்தக் குறியை அனுப்பினால் எதிர்முனையில் ஒரு வெற்றுக் கட்டம்தான் தெரியும். எழுத்துருவே அதில் இருக்காது. இருந்தாலும், அந்தக் குறி நெல் என்று வாசிக்கிறவர்கள் கல்வெட்டு ஆய்வாளர்களும் சுவடி படித்தவர்களும்தான். அரியலூர் நெல் விவசாயியும் கிடையாது, அவர் நெல்லைக் கொள்முதல் செய்து ரசீது போடுகிற குமாஸ்தாவும் கிடையாது.

பழைய பத்திரம் ஏதாவது கையில் சிக்கினால், எந்த இடத்தில் எழுத்து புரியாமல் திக்குகிறதோ அந்த இடத்தை விட்டுவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். சுவடியியல் சொல்லித்தருகிற பல்கலைக்கழகத் துறைகள் இருக்கின்றன, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். லாமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். ஓலையானாலும் தாளானாலும் அது உள்ளேயே புழுங்கிப் பாழாகும்.

அதுவரைக்கும் பழகிப் பார்க்க ஒரு இடம் இருக்கிறது. அடுத்து உங்கள் வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகையில், 'நிகழும்' என்று ஆரம்பிக்கிற வரியைப் பாருங்கள். தமிழ் வருடப் பெயருக்குப் பக்கத்தில் ௵, மாதத்துக்குப் பக்கத்தில் ௴, தேதிக்குப் பக்கத்தில் ௳ என்று சுருட்டிச் சுருட்டிப் போட்டிருப்பார்கள். பல அச்சகங்களில் இன்றைக்கும் போடுகிறார்கள். 'இது என்ன எழுத்து?' என்று உங்கள் பெண்ணோ பையனோ கேட்டால், வருஷம், மாசம், நாள் என்று சொல்லிக் கொடுங்கள். அப்புறம் அப்படியே, நெல்லுக்கும் இப்படி ஒன்று உண்டு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். 58 கோடெல்லாம் தேவைப்படாது.